முதல் ரயில் பெட்டிக் கிட்: பிளாஸ்டிக்கா, பித்தளையா, மரமா, அச்சிட்டதா?

மாதிரி ரயில் பெட்டியைக் கிட் (பாகங்களாக வரும் தொகுப்பு) வாங்கிச் சொந்தமாகக் கட்டலாம் என்று முடிவெடுத்தவர்கள் பலரும் அடுத்த கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். எந்தப் பொருளால் ஆன கிட்? வார்ப்பு பிளாஸ்டிக், அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகடு, லேசரில் வெட்டிய மரமும் அட்டையும், 3டி அச்சில் வந்த ரெசின் என்று நான்கு வகை கிடைக்கின்றன. இவற்றில் இரண்டைக் கலக்கிற ஐந்தாவது வழியும் உண்டு. அது பலர் கண்ணில் படுவதே இல்லை.

யாரிடம் கேட்டாலும் "முதலில் பிளாஸ்டிக், அப்புறம் பித்தளை" என்றுதான் பதில் வரும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் எது சுலபம் என்பதை மட்டுமே பார்க்கிறது. நான் அதைவிட இரண்டு கேள்விகளுக்கு அதிக எடை தருவேன்: ஒட்டியது கோணலாகிவிட்டால் பிரித்து மறுபடி சேர்க்க முடியுமா? இதே மாதிரிப் பெட்டி உங்களுக்கு எத்தனை வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பக்கச்சுவர். பெட்டியைப் பார்க்கிறவர் கண் போகிற இடம் அதுதான். பழைய மரப்பெட்டிகளில் சுவர் முழுக்கச் சட்டம் சட்டமாகப் பலகை பொருத்தி, இடுக்குகளை மெல்லிய மேல்பட்டைகளால் மூடியிருப்பார்கள். இதைப் பலகைச்சட்டம் என்கிறேன். பிற்கால எஃகுப் பெட்டிகள் வழுவழுப்பான தகடு. இரண்டுக்கும் ஒரே பொருள் பொருந்தாது.

அடுத்தது பிழை திருத்தும் வசதி. கருவிகள் மூன்றாவது: கையில் இருப்பவை போதுமா, புதிதாக என்ன வாங்க வேண்டும். பிறகு எடையும் ஓட்டமும். கடைசியாக எண்ணிக்கை. ஒரே ஒரு விசேஷப் பெட்டிக்கும், எட்டுப் பெட்டிகள் கோத்த ஒரு முழு ரயிலுக்கும் கணக்கு வேறு.

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்று நீளம். 26.4 மீட்டர் நீளமுள்ள உண்மையான பெட்டி 1:87 அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும், 30 செ.மீ.யைத் தாண்டும். 438 மி.மீ. ஆரமுள்ள வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் நன்றாகத் தள்ளிக்கொண்டு நிற்கும். அடியில் சக்கரங்களோடு திரும்பும் சட்டத்தை இங்கே போகி என்கிறேன். வளைவு இறுக்கமாக இருந்தால் அந்தப் போகி படிக்கட்டிலோ அடிச்சட்டத்திலோ இடிக்கும். எந்த வகைக் கிட்டாலும் இதைத் தீர்க்க முடியாது. பாதை இறுக்கமாக இருந்தால் குட்டையான நான்கு சக்கரப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

## வார்ப்பு பிளாஸ்டிக்

பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்கள் ஒரு சட்டத்தில் கோத்தபடி வரும். வெட்டி, அரம் போட்டு, திரவப் பசை தொட்டு ஒட்ட வேண்டும். நல்ல கத்தி, சிறிய அரம், உப்புத்தாள், மெல்லிய பிரஷ், நேர்க்கோணம் பார்க்க ஒரு மூலைமட்டம் இருந்தால் போதும். பலகைச்சட்டம் அச்சிலேயே வார்த்து வந்துவிடும். சுவரின் அடிப்பகுதி உள்நோக்கி வளைவதும் அப்படித்தான். இவ்வளவையும் ஒன்றுமே செய்யாமல் பெறுவது பெரிய லாபம்.

பலவீனம் சுவரின் தடிமன். 1 மி.மீ. சுவர் 1:76 அளவில் உண்மையில் 7.6 செ.மீ. ஆகிறது. ஜன்னல் கண்ணாடி குழிக்குள் உட்கார்ந்த மாதிரி தெரிவது இதனால்தான். ஜன்னல் விளிம்பின் உள்பக்கத்தைச் சாய்வாக அரத்தால் தேய்த்தால் ஓரளவு சரியாகும். அது பொறுமை கேட்கும் வேலை.

பிழை திருத்தும் விஷயத்தில் பிளாஸ்டிக்தான் கண்டிப்பானது. திரவப் பசை இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. சில நிமிடங்களுக்குள் நகர்த்தலாம். அதன் பிறகு பிரிக்க முயன்றால் பாகம்தான் உடையும். சுலபமானது என்று பரிந்துரைக்கப்படும் வகையிலேயே பின்வாங்க வழி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் சேர்த்துப் பார்ப்பது இங்கே கட்டாயம்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, காலம். பசை உள்ளே முழுதாக உலராமல் கூரையை மூடிவிட்டால், அடைபட்ட ஆவி சுவரை மென்மையாக்கும். கட்டி முடித்தபோது நேராக இருந்த பெட்டி, சில மாதங்களில் நடுவில் உள்வாங்கியிருக்கும். பசையைக் குறைவாகத் தொடுங்கள், அறைத் தடுப்புகளை அகலம் குறையாமல் வெட்டிப் பொருத்துங்கள், தரையில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓரிரு துளை விடுங்கள். உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால், பி.வி.சி. உறையுள்ள கம்பியைச் சுவரோடு ஒட்டி ஓடவிட வேண்டாம். அந்த உறையிலிருந்து கசியும் மென்மையாக்கி காலப்போக்கில் பாலிஸ்டைரீனை அரிக்கும்.

வார்ப்புக்கான எஃகு அச்சு செய்ய நிறையப் பணம் பிடிக்கும். அதனால் பலர் கேட்கிற பெட்டிகள் மட்டுமே பிளாஸ்டிக்கில் வரும். உங்களுக்குப் பிடித்த பெட்டி அந்தப் பட்டியலில் இருந்தால், அதிலும் அதே பெட்டி நான்கைந்து வேண்டும் என்றால், பிளாஸ்டிக்கை மிஞ்ச எதுவும் இல்லை. எல்லாப் பெட்டியின் ஒரே பாகத்தையும் சேர்த்துச் செய்யலாம். ஒரு தொகுதி உலரும் நேரத்தில் அடுத்ததற்குப் போகலாம்.

## அரித்தெடுத்த பித்தளை

பயப்படுகிறவர்கள் அதிகம். அதனால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தருகிறேன்.

பித்தளைத் தகட்டின் இருபுறமும் படம் பதித்து, பெரும்பாலும் ஃபெரிக் குளோரைடால் அரிப்பார்கள். இரண்டு பக்கமும் திறந்த இடம் ஓட்டையாகும், ஒரு பக்கம் மட்டும் திறந்த இடம் பாதி ஆழம் அரிபடும். பலகைச்சட்டத்தின் மேல்பட்டை, கதவின் விளிம்பு, மடிப்புக்கோடு எல்லாமே இந்தப் பாதி அரிப்பில் பிறப்பவை. தகடு பெரும்பாலும் 0.25 முதல் 0.4 மி.மீ. வரை. 0.25 மி.மீ. தகடு 1:76 அளவில் 1.9 செ.மீ.தான். ஜன்னலோரம் உண்மையானது போல மெல்லியதாக நிற்கும். எஃகு அச்சு தேவைப்படாததால், சில டஜன் பேர் மட்டுமே கேட்கிற அபூர்வப் பெட்டிகளும் பித்தளையில் கிடைக்கின்றன.

பித்தளையின் உண்மையான பலம் சால்டரில், அதாவது உருக்கி இணைக்கும் பற்றாசில், இருக்கிறது. இணைப்பு கோணலா? மறுபடி சூடாக்கினால் பிரியும். துடைத்துவிட்டு நேராகச் சேர்க்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். நான்கு வகையிலும் இந்தச் சலுகை இதற்கு மட்டும்தான். ஒரே விலக்கு மடிப்பு. பாதி அரித்த கோட்டில் மடித்ததை நிமிர்த்தி மறுபடி மடித்தால் ஒடிந்துவிடும். பெரும்பாலான கிட்களில் அந்தக் கோடு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். வழிகாட்டித்தாள் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். மடிப்பதற்கு முன் இரண்டு முறை பாருங்கள், இணைப்பதைத் துணிந்து செய்யுங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது சூட்டில். சிறிய, சக்தி குறைந்த சால்டரிங் அயர்னை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் தகடு முழுவதும் சூடேறி நெளியும். அகல முனையுள்ள 50 வாட் அளவிலான அயர்னை வைத்து, சட்டென்று தொட்டு எடுப்பதுதான் பாதுகாப்பு. நீளமான சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டாமல், அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பிடித்து, முனைகளை மாற்றி மாற்றி நிரப்பிக்கொண்டு போக வேண்டும். சால்டரிலும் வரிசை உண்டு. அதிக சூட்டில் உருகுவதை முதலிலும், குறைந்த சூட்டில் உருகுவதைக் கடைசியிலும் பயன்படுத்தினால் முன்பு செய்த இணைப்பு கழன்று விழாது. 188 டிகிரி, 145 டிகிரி என்று தனித்தனியாக விற்கிறார்கள். எளிதில் உருகும் வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு 70 டிகிரி சால்டர்.

இதன் மறைந்த செலவுகள் நிறைய. அயர்ன், ஃபிளக்ஸ் (சால்டர் பிடிக்க உலோகப் பரப்பில் தடவுவது), சால்டர் வகைகள், மடிக்கும் பிடி, அரங்கள் எல்லாம் முதல் பெட்டியின் கணக்கில்தான் விழும். இரண்டாவது பெட்டியிலிருந்து அந்தச் சுமை இல்லை. ஃபிளக்ஸ் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் கலந்தது. ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவித் தேய்க்காவிட்டால் பித்தளையில் பச்சை பூக்கும், பிறகு பெயின்ட் உரியும். புகை மூக்கில் ஏறாத காற்றோட்டமும் வேண்டும். சுவரின் அடிப்பகுதி வளைவை வளைத்தே அனுப்புகிறார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் மென்மையான திண்டின் மேல் வைத்து, உருண்டைக் கம்பியால் உருட்டி நீங்களே வளைக்க வேண்டும். இரண்டு பக்கச் சுவரும் ஒரே வளைவாக வருவது முதல் தடவையில் கஷ்டம்.

மின்சாரமும் இருக்கிறது. இரண்டு தண்டவாளப் பாதையில் ஒவ்வொரு தண்டவாளமும் ஒரு துருவம். உலோகப் பெட்டியில் எதிரெதிர் பக்கச் சக்கரங்கள் இரண்டும் உடலோடு தொடர்பு கொண்டால் ஷார்ட் ஆகும். சக்கரத்தில் காப்பு இருக்கிறதா, பிரேக் கட்டைகள் சக்கர விளிம்பைத் தொடுகின்றனவா என்று மீட்டரில் சோதித்துவிட்டுப் பாதையில் வையுங்கள்.

## லேசரில் வெட்டிய மரமும் அட்டையும்

மரத்தால் ஆன பெட்டியை மரத்தாலேயே செய்வதில் தனி நிறைவு உண்டு. அடுக்கு அடுக்காக ஒட்டிப் பலகைச்சட்டத்தை உருவாக்கலாம். அடி அடுக்கு பலகை, மேல் அடுக்கு பட்டை. பி.வி.ஏ. என்ற வெள்ளை மரப்பசை மெதுவாக இறுகுவதால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். கருவி கிட்டத்தட்ட எதுவும் வேண்டாம். கை பழகாதவருக்கு எல்லாவற்றிலும் நட்பானது இதுதான் என்பேன்.

ஆனால் மரத்தின் நார் 1:76 அளவில் தடித்த கோடாகத் தெரியும். ஷெல்லாக் அல்லது சாண்டிங் சீலர் தடவி, தேய்த்து, மறுபடி தடவி நாரை மூட வேண்டும். மூடாமல் தண்ணீர்ப் பெயின்டைப் பூசினால் நார் எழும்பி நிற்கும், அட்டை உப்பும். லேசர் கருக்கிய விளிம்பையும் மெல்லத் தேய்க்க வேண்டியிருக்கும். இந்த முன்வேலைக்கு ஆகும் நேரத்தைக் கிட் அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. எடை மிகக் குறைவு, ஆகவே கனம் சேர்க்காமல் ஓடாது. ஈரக்காற்றில் நெளிவதும் உண்டு. இருபுறமும் சீலர் பூசினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

## 3டி அச்சில் வந்த உடல்

ஒரே துண்டாகச் சுவரும் முனையும் வந்துவிடும், ஒட்டும் வேலையே கொஞ்சம்தான். ரெசின் அச்சில் ஓர் அடுக்கு 0.05 மி.மீ. அளவுதான் என்றாலும், வளைந்த கூரையில் படிகள் தெரியும். தேய்த்து மறைப்பதற்குள் பக்கத்தில் இருக்கும் ஆணித்தலைகள் போய்விடலாம். நீளமான மெல்லிய சுவர் வளைந்து வருவதும் சகஜம். வாங்கியதும் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். சரியாகக் கழுவிப் பதப்படுத்தாத ரெசினில் பெயின்ட் பிடிக்காது, தோலுக்கும் ஆகாது, தேய்க்கும்போது முகமூடியும் கையுறையும் வேண்டும். விழுந்தால் உடையும்.

வேறு எந்த வடிவிலும் கிடைக்காத பெட்டி என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். மற்றபடி முதல் பெட்டிக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

## கலப்பு வழி: பிளாஸ்டிக் உடல், பித்தளைச் சுவர்

தரை, கூரை, முனைகள், போகி எல்லாம் தயார் நிலைப் பெட்டியிலிருந்தோ பிளாஸ்டிக் கிட்டிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். சுவர் மட்டும் அரித்தெடுத்த பித்தளையில் தனியாக வரும். பழைய சுவரின் ஜன்னல் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, வெளியே பித்தளையை ஒட்ட வேண்டும். கூரையும் நீளமும் ஒன்றாகவும் ஜன்னல் வரிசை மட்டும் வேறாகவும் இருக்கிற பெட்டிகளுக்கு இது அருமையான வழி. சால்டரிங் கிட்டத்தட்ட இல்லை, மெல்லிய ஜன்னலோரம் கிடைக்கிறது, ஓட்டமும் உறுதி.

கவனிக்க வேண்டியது பசை. பாலிஸ்டைரீன் வெப்பத்தில் பித்தளையைவிட மூன்று மடங்குக்கு மேல் விரியும். 26 செ.மீ. நீளத்தில் 20 டிகிரி மாறினால் வித்தியாசம் சுமார் கால் மில்லிமீட்டர். சூப்பர் க்ளூவால் இறுக்கமாக ஒட்டிய சுவர் ஒரு கோடையில் முனையில் பிரிந்து நிற்கும். சற்று நெகிழ்வுள்ள கான்டாக்ட் பசை நல்லது. பெட்டியின் அகலம் தகட்டின் தடிமன் அளவுக்கு இருபுறமும் கூடும் என்பதும், இரண்டு பொருட்களுக்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | பிழையைத் திருத்த | புதுக் கருவி | எந்தச் சுவருக்கு | எடை | பல பெட்டிகளுக்கு |
|---|---|---|---|---|---|
| பிளாஸ்டிக் | ஒட்டிய பின் முடியாது | மிகக் குறைவு | இரண்டுக்கும், ஜன்னல் தடிப்பு தெரியும் | சேர்க்க வேண்டும் | மிக நன்று |
| பித்தளை | இணைப்பில் எத்தனை முறையும், மடிப்பில் இல்லை | அதிகம் | இரண்டுக்கும், மிக மெல்லிய விளிம்பு | போதுமானது, சில சமயம் அதிகம் | உழைப்பு கூடும் |
| மரம், அட்டை | பசை இறுகும்வரை | மிகக் குறைவு | பலகைச்சட்டச் சுவர் | நிறையச் சேர்க்க வேண்டும் | சீலர் வேலை அலுக்கும் |
| 3டி அச்சு | நிரப்பித் தேய்க்கலாம் | குறைவு, பாதுகாப்புச் சாதனம் வேண்டும் | எதற்கும், தேய்ப்பது கடினம் | சேர்க்க வேண்டும் | ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையலாம் |
| கலப்பு | ஓரளவு | குறைவு | வழுவழுப்பான எஃகுச் சுவருக்கு மிக நன்று | பெரும்பாலும் சரி | நன்று, செலவு கூடும் |

## எந்தக் கிட்டிலும் வருகிற செலவுகள்

சக்கரம், பேரிங், கப்ளிங், கண்ணாடி, இருக்கை, பெயின்ட், எழுத்து ஒட்டிகள். இவற்றில் பாதி கிட்டுக்குள் இருக்காது. பித்தளைக் கிட்களில் சில சமயம் போகியும் கூரையும்கூடத் தனி. விலையை ஒப்பிடும்போது இந்தப் பட்டியல் முழுவதையும் இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது அப்போது மலிவாக இருக்காது.

எடைக்கு அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1:87 அளவுக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: அடிப்படையாக 28 கிராம், பிறகு நீளத்தின் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் 14 கிராம். 25 செ.மீ. பெட்டிக்கு 170 கிராம் வாக்கில் வருகிறது. சக்கர அச்சு ஒன்றுக்கு 25 கிராம் என்று பிரிட்டிஷ் மாடல்காரர்கள் பலர் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் நான்கு அச்சுப் பெட்டிக்கு 100 கிராம்தான். ஏற்றமும் நீண்ட ரயிலும் இருந்தால் இரண்டாவது கணக்கு எஞ்சினுக்கு இலகு. எதை எடுத்தாலும் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கணக்காக இருக்கட்டும். இலேசான பெட்டி நடுவில் மாட்டினால் வளைவில் உள்பக்கம் இழுபட்டுத் தடம்புரளும். கனத்துக்கு ஈயக் குண்டு போடுகிறவர்கள் அதைப் பி.வி.ஏ. பசையில் மூழ்கடிக்கக் கூடாது. ஈயம் மெல்ல மாற்றமடைந்து உப்பி, சில வருடங்களில் பெட்டியையே பிளந்துவிடும். எபாக்ஸி போடுங்கள்.

ஓட்டத்தைத் தீர்மானிப்பவை சக்கரமும் போகியும். தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. உள்ள பாதைக்குச் சக்கரங்களின் உள்முக இடைவெளி 14.4 மி.மீ. வாக்கில் இருக்க வேண்டும். அச்சின் கூர்முனை பித்தளைக் கிண்ண பேரிங்கில் தடையில்லாமல் சுழல வேண்டும். ஒரு போகியை எல்லாப் பக்கமும் ஆடவிட்டு, மற்றதைப் பக்கவாட்டில் சாயாமல் இடம் வலம் திரும்பவும் முன்பின் ஆடவும் மட்டும் விட்டால், மூன்று கால் முக்காலி மாதிரி மேடுபள்ளத்திலும் எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தைத் தொடும். உடலைத் தொடுவதற்கு முன் அடிச்சட்டத்தையும் போகியையும் முடித்துப் பாதையில் தள்ளிப் பாருங்கள். எல்லா வகைக் கிட்டிலும் இந்த வரிசையை நான் வற்புறுத்துவேன்.

பெயின்டில் நேரம் போவது கோடு போடுவதில். பலகைச்சட்டப் பெட்டியில் ஒவ்வொரு பட்டையையும் சுற்றி மெல்லிய கோடு வரும் நிறத்திட்டம் இருந்தால், கட்டுவதற்கு ஆன நேரத்தைவிட அதற்கு அதிகம் ஆகலாம். கூரை கழன்று வரும்படி கட்டுங்கள். பெயின்ட் அடித்த பிறகுதான் கண்ணாடி, அதையும் சூப்பர் க்ளூவால் ஒட்ட வேண்டாம், வெள்ளைப் புகை படியும்.

## யாருக்கு எது

இதுவரை எதையுமே கட்டியதில்லை, ஒரு பெட்டியைக் கட்டி முடிக்கும் சந்தோஷம் வேண்டும் என்றால், குட்டையான நான்கு சக்கர பிளாஸ்டிக் பெட்டி. போகி இல்லை, பாகம் குறைவு, வேலை இழுத்துக்கொண்டு போகாது. மேசையில் சூடான கருவிக்கு இடமில்லாத வீட்டில், பழைய மரப்பெட்டிமீது ஆசை இருந்தால் லேசர் கிட். ஒரே வகைப் பெட்டி பல வேண்டும் என்றால் மறுபேச்சின்றி பிளாஸ்டிக். அது உங்கள் வகையில் கிடைக்கவில்லை என்றால் கலப்பு வழி.

மின்னணு வேலையிலோ பழுதுபார்ப்பிலோ சால்டரிங் பழகியவர்கள் "முதலில் பிளாஸ்டிக்" என்ற அறிவுரைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நேராகப் பித்தளைக்குப் போகலாம். சால்டரிங் தெரியாதவரும், தான் விரும்பும் பெட்டி பித்தளையில் மட்டுமே இருந்தால் தயங்க வேண்டாம். கிட்டைச் சுற்றியுள்ள வீண் தகட்டுச் சட்டம்தான் பழகுவதற்கான இடம். அதை வெட்டியெடுத்து, இரண்டு துண்டுகளைச் செங்குத்தாகச் சேர்த்து, பிரித்து, மறுபடி சேர்த்துப் பழகுங்கள். கை நிதானம் வந்த பிறகு முதலில் தொட வேண்டியது அடிச்சட்டம். சுவரை அதற்குப் பிறகு எடுங்கள்.

எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் வழிகாட்டித்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பல தயாரிப்பாளர்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். "இதில் அடங்காதவை" என்ற பத்தியும், போகி எப்படிப் பொருத்தப்படுகிறது என்ற படமும் தெளிவாக இருக்கும் கிட்டைத்தான் முதல் பெட்டிக்கு எடுக்க வேண்டும்.